நாடி பிடிக்கும்போது யன்னலைப் பாருங்கள்

கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்து இஷொயில் இருக்கும் என் வைத்திய அறையின் சாவியை உங்கள் இருவர் கையிலும் தந்த அன்று, "போறதுக்கு முன்னம் எங்களுக்கு ஏதாவது சொல்லிப்போட்டுப் போங்கோ அக்கா" என்று கேட்டீர்கள். நான் ஹீட்டரைப் பற்றிச் சொன்னேன். காலையில் வந்தவுடனேயே அதைப் போடுங்கள், குளிர்ந்த கட்டிலில் படுத்த ஆளுக்கு எந்த ஊசியும் வேலை செய்யாது என்றேன். இத்தனை வருடம் சீன வைத்தியம் செய்தவள் ஹீட்டரைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறாளே என்று உங்களில் ஒருத்தியின் முகம் கேட்டது. அன்றைக்கு அதற்கு மேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன்.

புள்ளிகளையும் நாளங்களையும் பற்றி எழுதப்போவதில்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பள்ளியில் படித்த சூடு உங்களுக்கு இன்னும் ஆறவில்லை. எந்தப் பாடத்திலும் வராத ஒருத்தியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் கொஞ்சம் சுற்றிவர விடுங்கள். வயதான ஆட்களுக்கு அந்தச் சலுகை உண்டு.

ஓய்வு பெற்றபின் ஊசிகள் என் நினைவுக்கே வருவதில்லை. மருந்து மூலிகைகளின் மணம்கூட மறந்துகொண்டு வருகிறது. கைகளை மட்டும் மறக்க முடியவில்லை. மனிதர்கள் நம்பி நீட்டிய மணிக்கட்டுகள். சூடானவை, ஈரமானவை, மணிக்கூட்டுப் பட்டியின் தடம் பதிந்தவை. அல்பர்ட்ஸ்லுண்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையில் காசு கொடுக்க வரிசையில் நிற்கும்போது, என் வலது கை விரல்கள் மூன்றும் தாமாகவே இடது மணிக்கட்டுக்குப் போய்விடும். என் மகன் கண்டால் "அம்மா, உங்களுக்குச் சுகமில்லையா?" என்று டேனிஷில் கேட்பான். "சுகமாத்தான் இருக்கிறன்" என்பேன். என் நாடியில் ஒரு சுவாரசியமும் இல்லை. வேறொரு மனிதரின் கை வேண்டும் என்று ஏக்கமாக இருக்கிறது.

டேனிஷ்காரர் வந்தால் உங்களுக்கு வேலை சுலபம். கதிரையில் இருக்க முதலே தொடங்கிவிடுவார்கள். எங்கே நோகிறது, எப்போது நோகிறது, குடும்ப டொக்டர் என்ன சொன்னார், மாமியார் என்ன சொன்னார் என்று எல்லாம் வரும். மலம் போன கதையைக்கூட வானிலை சொல்வதுபோல் கூச்சமில்லாமல் சொல்வார்கள். எங்கள் ஆட்கள் வருவார்கள். சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைப்பார்கள். கதிரையில் இருந்து கையை நீட்டுவார்கள். அவ்வளவுதான்.

"என்ன செய்யுது?" என்று கேட்டால், "நீங்களே நாடியைப் பிடிச்சுச் சொல்லுங்கோவன்" என்பார்கள்.

இது மரியாதை மாதிரி இருக்கும், உண்மையில் சோதனை. யாழ்ப்பாணத்தில் நல்ல பரியாரி என்றால் கையைப் பிடித்தவுடன் நேற்றுச் சாப்பிட்டது வரை சொல்ல வேண்டும். வாயைத் திறந்து நோயைச் சொன்னால் பரியாரிக்கு என்ன வேலை? கோப்பன்ஹேகனில் இருந்துகொண்டும், ஆஸ்பத்திரியின் எல்லா இயந்திரங்களுக்குள்ளும் போய்வந்த பிறகும், என்னிடம் வரும்போது அந்தப் பழைய கணக்கைத்தான் எடுத்துக்கொண்டு வருவார்கள். நோயைப் பூட்டி வைத்துவிட்டுத் திறப்பைத் தேடு என்று என்னிடம் விடுவார்கள்.

நாக்கும் அப்படித்தான். நாக்கில் படிந்திருக்கும் மாவைப் பார்த்து உடம்பின் நிலையை அறிய வேண்டும் என்று படித்தோம் அல்லவா? நான் தொழில் தொடங்கிய புதிதில் வந்த தமிழர் எல்லோருக்கும் ஒரே நாக்கு. சிவந்து, உரித்த மாதிரி, ஒரு பொட்டு மாவும் இல்லாமல். உடம்பில் குளிர்ச்சி வற்றிவிட்டது என்று பாவம் எல்லோருக்கும் ஒரே ஆலோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். எங்கள் சமூகத்துக்கே ஏதோ நடந்துவிட்டதென்று கவலையும்பட்டேன். ஒருநாள் காலை என் குளியலறையில், வாயைத் திறந்து நாக்கு வழித்துக்கொண்டிருந்தபோதுதான் கண்ணாடியில் என்னையே முறைத்துப் பார்த்தேன். வைத்தியரிடம் போவதென்றால் எங்கள் ஆட்கள் இன்னும் இரண்டு தடவை கூடுதலாக வழித்துவிட்டல்லவா வருவார்கள்! அதற்குப் பிறகு நேரம் எடுக்கத் தொலைபேசியில் அழைப்பவர்களிடம், "வாற அண்டைக்கு நாக்கு வழிக்காதேங்கோ" என்று சொல்லத் தொடங்கினேன். நல்ல குடும்பத்துப் பெண்கள் சிலர் அதோடு வராமலே விட்டுவிட்டார்கள்.

சிரியுங்கள். ஆனால் நினைவில் வைத்திருங்கள். நாம் பார்க்க வேண்டியதைத் துடைத்துச் சுத்தமாக்கிவிட்டுத்தான் எங்கள் ஆட்கள் எங்கள் முன்னால் வந்து இருப்பார்கள்.

எனக்கு நாடி பிடிக்கப் பழக்கிய ஆசிரியை ஒரு டேனிஷ் பெண். என்னைவிட வயதில் குறைந்தவர். சீனாவில் வருடக்கணக்காக இருந்து படித்துவிட்டு வந்தவர். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து, கால் வீங்கி வகுப்புக்கு வரும் என்னைப் பார்த்து அவர் ஒருநாளும் பரிதாபப்பட்டதில்லை. அதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும். என் விரல்கள் நல்லவை என்று அவர் சொன்னார். முகம்தான் சரியில்லையாம். விரலுக்கு என்ன தட்டுப்படுகிறதோ அதை முகம் உடனே ஒலிபரப்பிவிடுகிறதாம். "நோயாளி உன் விரலைப் பார்ப்பதில்லை, உன் கண்ணைத்தான் பார்ப்பார். உனக்கு நிச்சயமாகத் தெரியாத ஒன்றை உன் கண் சொல்லிவிட்டால், பிறகு உன்னால் அதைத் திருப்பி எடுக்க முடியாது. நாடி பிடிக்கும்போது யன்னலைப் பார்" என்றார்.

அதனால்தான் அந்த அறையில் கதிரை அப்படிப் போடப்பட்டிருக்கிறது. நீங்கள் இடம் மாற்றாவிட்டால், உங்களுக்கும் கார் தரிப்பிடமும், அதற்கு அப்பால் எஸ்-ரயில் என்ற நகர்ப்புற ரயிலின் நிலையத்துக்குப் போகும் பாதையும் தெரியும். எத்தனை மனிதரின் நாடியை அந்தப் பாதையைப் பார்த்தபடி கேட்டிருக்கிறேன். பாதையில் போகிற நாய்களையெல்லாம் எனக்குத் தெரியும்.

இனி ஜெசிந்தாவைப் பற்றி.

முதல் தடவை தொலைபேசியில் அவள் நோயைப் பற்றிக் கேட்கவில்லை. "அங்க ரண்டர்ஸ் ஆக்கள் ஆரும் வாறவையோ?" என்றுதான் கேட்டாள். ஒருவரும் வருவதில்லை என்றேன். "அப்ப வாறன்" என்றாள். நாட்டின் மற்றப் பக்கத்திலிருக்கும் ரண்டர்ஸிலிருந்து காலை ரயில் பிடித்து, கோப்பன்ஹேகனில் எஸ்-ரயிலுக்கு மாறி, ஒன்றுவிட்ட ஒரு வியாழக்கிழமை அவள் வருவாள். மன்னார்ப் பெண். சின்ன வயதில் இங்கே வந்தவள். வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கும் வேலை. கணவர் அங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை செய்தார். கல்யாணமாகிப் பல வருடங்களாகியும் பிள்ளை இல்லை. ஆஸ்பத்திரியில் கருமுட்டை எடுத்து, வெளியே கருவாக்கி, திரும்ப வைத்துப் பார்த்தார்கள். தங்கவில்லை. அரசு உதவியோடு செய்யக்கூடிய வயதும் கடந்துவிட்டது. தேவாலயத்தில் ஒவ்வொரு ஞானஸ்நானத்துக்கும் பலகாரம் சுட்டுக் கொண்டுபோவது அவள்தான். சிரித்துக்கொண்டு போவாளாம்.

முதல் நாளே வெளிப்படையாகச் சொன்னேன். "என்னால உனக்குப் பிள்ளை தர ஏலாது, ஜெசிந்தா. நித்திரை வரப் பண்ணலாம். உடம்பைக் கொஞ்சம் ஆறப்பண்ணலாம். டொக்டர் தந்த மருந்து ஒண்டையும் நிப்பாட்டக் கூடாது."

"அது காணும் அக்கா" என்றாள்.

அது காணாது என்று இருவருக்கும் தெரியும். அவள் கதிரையில் இருந்து கையை நீட்டுவாள். வேறொன்றும் சொல்லமாட்டாள். நான் யன்னலைப் பார்ப்பேன். அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது கன்னத்தில் வெயில் படுவதுபோல் தெரியும். சீன வைத்தியத்தில் ஒரு நாடி இருக்கிறது, உங்களுக்கும் தெரியும். கருவுற்ற பெண்ணுக்கு வரும் என்று சொல்லப்படும் நாடி. வட்டமாக, வழுவழுப்பாக, விரலுக்கு அடியில் உருண்டு ஓடும். புத்தகங்கள் தட்டில் உருளும் முத்து என்கின்றன. எனக்கு அது ஊறவைத்த பயறு, தண்ணீருக்குள் விரலைவிட்டு நழுவுவது. ஜெசிந்தா அந்த நாடிக்காகத்தான் வருகிறாள் என்று எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். அவள் வரும் ஒவ்வொரு வியாழனும் என் முகம் அசையாமல் இருக்கும். அவள் பெருமூச்சு விடமாட்டாள், எழும்பிக் கட்டிலில் போய்ப் படுப்பாள்.

அவள் ஒன்றும் சோகமான பெண்ணல்ல. என் கட்டிலைக் கண்ட முதல் நாளே, "இதென்னக்கா, இந்த உயரத்தில குனிஞ்சு வேலை செய்தால் உங்கட முதுகு போயிடும்" என்று திட்டி, கீழே படுத்துத் திருகைத் திருகி உயர்த்திவிட்டாள். இப்போதும் அந்தக் கட்டில் அவள் உயர்த்திய உயரத்தில்தான் நிற்கிறது. தான் பார்க்கும் டேனிஷ் கிழவர்களைப் பற்றிச் சொல்லிச் சிரிப்பாள். ஒருவர் அவள் வாழும் யூலண்ட் பகுதியின் உச்சரிப்பைக் கேட்டு, நீ எந்தக் கிராமம் என்று விசாரித்தாராம். வரும்போது நிலையத்தில் வாங்கிய கறுவாப் பணிஸ், பட்டை மணக்கும் இனிப்பு ரொட்டி, இரண்டு கொண்டுவருவாள். அவள் ஊசி போட்டுப் படுத்திருக்கும்போது நான் ஒன்றைச் சாப்பிட வேண்டும், அது அவள் கட்டளை. இப்படியே நெடுங்காலம் வந்தாள். எனக்கு அந்த வியாழக்கிழமைகள் பிடிக்கும். அதை மறைப்பானேன்?

ஓர் இலையுதிர்கால வியாழன். வெளியே மழை. ஜெசிந்தா நனைந்து வந்தாள், பணிஸ் இல்லை. கதிரையில் இருந்தாள், வழக்கம்போல் ஒரு சொல்லும் இல்லாமல் இடது கையை நீட்டினாள்.

நான் யன்னலைப் பார்த்தபடி விரலை வைத்தேன். அது அங்கே இருந்தது. விரலுக்கு அடியில் உருண்டு, நிறைவாக, அவசரமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. வலது கையையும் வாங்கிப் பார்த்துவிட்டு, நம்பாமல் இடது கைக்கே திரும்பினேன். இருந்தது. என் நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தக் கணத்தில் என் முகம் என்ன செய்தது என்று எனக்கு நினைவில்லை. "படுக்கட்டோ அக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

படுத்தவள், இன்னொரு தலையணை தரச் சொன்னாள். "தோள் கொஞ்சம் நோகுது. றெயின்ல ஒரு பக்கமாச் சாய்ஞ்சு நித்திரை கொண்டிட்டன்."

நான் ஊசிப் பொதியைப் பிரித்துவிட்டேன். அப்போதுதான் அவளைச் சரியாகப் பார்த்தேன். முழங்காலை மடித்து வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். உதட்டில் நிறம் இல்லை.

"வயித்துக்குள்ள நோகுதோ?"

"இல்லை."

"ஜெசிந்தா."

"கொஞ்சம். ஒரு பக்கம் மட்டும்."

"மாதம் எப்ப வந்தது?"

எங்கள் பெண்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மூன்று மாதம் போகும்வரை வாய் திறந்து சொல்லக்கூடாது. கண்ணூறு பட்டுவிடும். இவள் பல தடவை இழந்தவள். அதிலும் வைத்தியரிடம் சொல்லக்கூடாது, வைத்தியர்தான் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டு வழக்கமும் சேர்ந்து அவள் வாயைத் தைத்து வைத்திருந்தன. நான் மறுபடியும் நாடியைப் பிடித்தேன். அது மாறிக்கொண்டிருந்தது. மெலிந்து, விரைந்து, விரலைவிட்டு ஓடப் பார்த்தது.

பதிவு பெறுவதற்காக அடிப்படை மருத்துவம் படித்தோமே, நீங்கள் அலுத்துக்கொண்டு படித்த அந்த வகுப்பில்தான் நானும் இதைப் படித்தேன். மாதவிடாய் தள்ளிப்போயிருக்கிறது, வயிற்றில் ஒரு பக்கம் வலி, அதோடு தோள் நோவு. இவை சேர்ந்து வந்தால் கரு கருப்பைக்குள் தங்காமல் குழாயில் தங்கியிருக்கலாம். குழாய் கிழிந்து உள்ளே இரத்தம் கசிந்தால் வலி தோளில் தெரியும். வெளியே ஒன்றும் தெரியாமலே ஆள் போய்விடலாம். நான் ஊசிப் பொதியை மூடிவிட்டுத் தொலைபேசியை எடுத்தேன்.

அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாம் அக்கா. அவை எடுத்துப் போடுவினம். நீங்கள் ஊசி போட்டு நிப்பாட்டுங்கோ."

"அப்பிடி ஒரு ஊசி இல்லை, பிள்ளை."

"கொஞ்ச நேரம் பாப்பம். கொஞ்ச நேரம் மட்டும். காலுக்க, தலையில, எங்கயாவது போடுங்கோ. நீங்கள் பிடிச்சுப் பாத்தனீங்கள்தானே. உங்களுக்குத் தெரியும்தானே."

பிள்ளைகளே, அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி உங்களை எச்சரிக்க வேண்டும். அது கொடுமையான நேரம். நோயாளி கேட்கிறாள், அவளுக்குக் கொடுக்க உங்கள் மனமும் துடிக்கிறது. ஒருவேளை நான் பிழையாக நினைக்கிறேனோ, ஒருவேளை வெறும் வாயுவோ, ஒருவேளை அந்த உருளும் நாடி சரியான இடத்தில்தான் உருள்கிறதோ என்று நூறு ஒருவேளைகள் வரிசையில் வந்து நிற்கும். எல்லாமே அன்பின் உடுப்புப் போட்டுக்கொண்டு வரும். அவளைவிட நான் அந்தப் பிள்ளையை அப்போது குறைவாக விரும்பினேன் என்று யாராவது சொன்னால் நம்பமாட்டேன். ஆனால் அவளுடைய விரல்கள் குளிர்ந்துகொண்டிருந்தன.

"நீ இல்லாமல் பிள்ளை எங்க இருக்கிறது, ஜெசிந்தா?" என்று கேட்டுவிட்டு அவசர உதவிக்கான நூற்றுப்பன்னிரண்டை அழுத்தினேன். அவள் என் சட்டையை விட்டாள். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

பதற்றத்தில் என் டேனிஷ் என்னைக் கைவிட்டுவிடும். அன்றும் அப்படித்தான். விலாசம் சொல்லிவிட்டேன், வயது சொல்லிவிட்டேன். கரு வெளியே தங்கியிருக்கலாம் என்பதற்கான சொல் வாயில் வரவில்லை. அந்தப் பக்கத்துப் பெண் பொறுமையாகத் திரும்பத் திரும்பக் கேட்கிறாள், நான் தடுமாறுகிறேன். அப்போது கட்டிலிலிருந்து ஜெசிந்தா அந்தச் சொல்லைச் சொன்னாள். சுவரைப் பார்த்தபடி, முழுதாக, தெளிவான டேனிஷில். நான் அதை அப்படியே திருப்பித் தொலைபேசிக்குள் சொன்னேன்.

அம்புலன்ஸ் வரும்வரை அவள் கையைப் பிடிக்கப் பார்த்தேன். தரவில்லை. வந்தவர்கள் அவளைத் தூக்கும்போது, "நானும் வாறன்" என்று என் மேலங்கியை எடுத்தேன். "நீங்கள் வரவேண்டாம்" என்றாள். அப்படி ஒரு குரலை அவளிடம் அதற்கு முன் கேட்டதில்லை. மழைக்குள் அந்த வண்டி போவதை, எப்போதும் பார்க்கும் அந்த யன்னலால்தான் பார்த்தேன்.

அடுத்த நாள் தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. "உயிரோட இருக்கிறன். குழாயை எடுத்திட்டினம்." அவ்வளவுதான். அழைத்தேன், எடுக்கவில்லை. ஒரு தடவை கணவர் எடுத்தார். "அவ இப்ப ஆரோடயும் கதைக்கிறேல்லை, அக்கா" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அதற்குப் பிறகு நான் அழைப்பதை நிறுத்திவிட்டேன்.

நான் செய்தது சரி. இதில் எனக்கு ஒருபோதும் சந்தேகம் வந்ததில்லை. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வந்தால் அதையே செய்யுங்கள், யோசிக்காமல் செய்யுங்கள். ஆனால் சரியானதைச் செய்தவளுக்கு மனம் நிம்மதியாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவளுடைய வியாழக்கிழமை நேரத்தை நான் வேறு ஒருவருக்கும் கொடுக்கவில்லை. முதுகு வலியோடு ஒரு தச்சுவேலைக்காரர், அந்த நேரம்தான் வசதி என்று கெஞ்சுவார். ஆள் இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். அந்த நேரம் வந்தால் கட்டிலுக்குப் புது விரிப்பு விரித்து, ஹீட்டரைப் போட்டு, யன்னலடியில் போய் இருப்பேன். எஸ்-ரயில் வந்து நிற்கும், ஆட்கள் இறங்கி அந்தப் பாதையால் நடந்து வருவார்கள். குடை பிடித்த பெண் எவளைக் கண்டாலும் எழும்பி நிற்பேன். அவள் வந்து என்னைத் திட்டினாலும் எனக்குச் சம்மதமாக இருந்தது. கதிரையில் இருந்து ஒரு சொல்லும் சொல்லாமல் அந்தக் கையை நீட்டினால் போதும் என்று ஏங்கினேன். குளிர்காலங்கள் வந்து போயின. பிறகு என் விரல் மூட்டுகள் வீங்கத் தொடங்கின. அறையை உங்களுக்குக் கொடுப்பதென்று முடிவாயிற்று.

கடைசிக் கிழமை. வியாழன்தான். பொருட்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன், யன்னலைப் பார்க்கவே இல்லை. கதவு தட்டிய சத்தம் கேட்டது. திறந்தால் ஜெசிந்தா. காதோரம் நரைத்திருந்தது. கையுறை போட்ட கையில் கடதாசிப் பை.

"அறையைக் குடுக்கிறீங்களாம் எண்டு கேள்விப்பட்டன்" என்றாள். பைக்குள் கறுவாப் பணிஸ் இரண்டு இருந்தன.

அவள் தானாகவே சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைத்துவிட்டு, அந்தக் கதிரையில் போய் இருந்தாள். கட்டிலின் உயரத்தை ஒரு பார்வை பார்த்தாள். நான் எதிரே இருந்தேன்.

"என்ன செய்யுது, பிள்ளை? வாயால சொல்லு. நான் இப்ப கேட்டுப்போட்டுத்தான் கையைப் பிடிக்கிறது."

அவள் சிரித்தாள். "ஒண்டும் செய்யேல்லை அக்கா. ஒண்டு கேக்க வந்தனான்." கொஞ்ச நேரம் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். "அண்டைக்கு எனக்குத் தெரியும். நான் பாக்கிற வேலையில எனக்குத் தெரியாதே? விடிய எழும்பேக்கையே வயிறு நொந்தது. ஆஸ்பத்திரி எங்கட வீட்டுக்குக் கிட்டத்தான். அதைத் தாண்டித்தான் ஸ்டேசனுக்கு நடந்தனான். தோள் நோகத் தொடங்கின உடன என்ன எண்டு விளங்கிட்டுது."

"பிறகேன் இவ்வளவு தூரம் வந்தனீ?"

"நீங்கள் கையைப் பிடிச்சு வேற ஏதாவது சொல்லுவீங்கள் எண்டு."

அப்போதுதான் எனக்கு அந்த டேனிஷ் சொல் நினைவுக்கு வந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவள் எப்படி அதை அவ்வளவு தயாராக வைத்திருந்தாள் என்பதும் விளங்கியது. ரயில் முழுக்க அந்தச் சொல்லோடுதான் அவள் வந்திருக்கிறாள்.

"நீங்கள் செய்தது சரி அக்கா. அதைக் கதைக்க வரேல்லை" என்றாள். "எல்லாரும் சொல்லிச்சினம், அது பிள்ளையே இல்லை எண்டு. அவரும் சொன்னார். ஆறுதலுக்குத்தான் சொன்னவர். ஆஸ்பத்திரியிலயும் அன்பாத்தான் கதைச்சவை, ஆனால் குழாயைப் பற்றித்தான் கதைச்சவை. ஒரு படம் இல்லை, ஒரு பேர் இல்லை. நான் ஒருத்திதான். சில நேரம் எனக்கே சந்தேகம் வரும், நானா நினைச்சுக்கொண்டனோ எண்டு."

பிறகு இடது கையை மேசையில் வைத்தாள். நீட்டவில்லை, சும்மா வைத்தாள்.

"நீங்கள் நாடி பிடிக்கேக்க எப்பவும் யன்னலைத்தான் பாப்பீங்கள். அண்டைக்கு மட்டும் திரும்பி என்ர முகத்தைப் பாத்தனீங்கள். ஏன் அக்கா?"

என் ஆசிரியை அறையில் நிற்பதுபோல் இருந்தது. உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், அந்த நாடி எதையும் நிரூபிக்காது. மருந்தாலும் வரும், வயிறு நிறையச் சாப்பிட்டாலும் வரும், படி ஏறி வந்தாலும் வரும். பரீட்சைத் தாளில் என்றால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதியிருப்பேன், அதற்கு முழுப் புள்ளியும் கிடைத்திருக்கும். என் கண்கள் பழக்கத்தில் யன்னலுக்குப் போயின. பாதையில் ஒருவர் நாயோடு நடந்துகொண்டிருந்தார். நான் முகத்தைத் திருப்பி அவளைப் பார்த்தேன்.

"இருந்தது" என்றேன்.

"எந்தக் கையில?"

"இந்தக் கையில. நல்ல வடிவா ஓடினது, பிள்ளை. ஒரு அவசரமும் இல்லாமல்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழுதது நான்தான். அவள் எழும்பி வந்து, தன் கிழவர்களைத் தட்டிக்கொடுப்பதுபோல என் முதுகைத் தட்டினாள். "அப்ப அதைத் தெரிஞ்ச ஆக்கள் நாங்கள் ரெண்டு பேர்" என்றாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு பணிஸ் சாப்பிட்டோம். ரயிலுக்கு நேரமாயிற்று என்று எழும்பினாள்.

நான் செய்தது எங்கள் தொழிலுக்குச் சரியா என்று நீங்கள் வாதாடலாம். வாதாடுங்கள், நல்லது. தெரியாததைச் சொல்லாதே என்று நானும் உங்களுக்குச் சொல்வேன். நோயாளியிடம் முதலில் வாயால் கேளுங்கள், பிறகு கையைப் பிடியுங்கள், பிடிக்கும்போது யன்னலைப் பாருங்கள். இவை மூன்றும் பாடம்.

அன்று கடைசியாக அந்த யன்னலால் பார்த்தேன். நல்ல குளிர். ஜெசிந்தா வலது கையில் மட்டும் கையுறை போட்டிருந்தாள். அந்தக் கையால் வெறும் இடது மணிக்கட்டைப் பிடித்தபடி, நிலையம் வரைக்கும் விடாமல் பிடித்தபடி, மெதுவாக நடந்துபோனாள்.